இரு பக்கமும் இடது கை

அந்தப் படம் எங்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே, சினிமாவில் பிழை பிடிப்பதில் என் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்ற நிலை ஏற்பட்டிருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது தேவை. பினாங்கில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே கல்லூரி வாசலை மிதித்தவன் வேறு எவனும் இல்லை. திடலில் படம் போடும்போது எல்லோருக்கும் புல்தரை, எனக்கு நாற்காலி.

சென்ற வாரம் என் தங்கை மகன் கைப்பேசியில் ஒரு காணொளி அனுப்பினான். தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருகிறவர்கள் மதுரைத் தமிழில் சண்டை போடும் பழைய நகைச்சுவைப் படம். "மாமா, செல்லம்மா அத்தை பார்த்தது இதானே?" என்று கீழே கேட்டிருந்தான். திரும்பத் திரும்பப் பார்த்ததில் கைப்பேசி உள்ளங்கையில் சுட்டது. அந்தச் சூடு என்னைப் படக்கருவியின் விளக்கிடம் கொண்டுபோய் விட்டது. விட்டில்கள் அதில் விழுந்து கருகும். அந்த வாடையும் ஜெனரேட்டரின் பெட்ரோல் வாடையும் சேர்ந்ததுதான், நண்பரே, எனக்கு இன்றுவரை சினிமாவின் மணம்.

படம் காட்டும் வேன் மாதம் ஒருமுறை வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். குடும்பங்கள் துணிக்கு முன்னால் உட்காரும். தாமதமாக வந்தவர்களும் பிறர் கண்ணில் படாமல் இருக்க நினைத்தவர்களும் துணிக்குப் பின்னால். மெல்லிய துணி, பின்னாலும் படம் தெளிவாகத் தெரியும், ஆனால் இடம் வலமாக மாறித் தெரியும். முன்னவர்களுக்கு வலது கையில் இருக்கும் துப்பாக்கி பின்னவர்களுக்கு இடது கையில். மறுநாள் ஒட்டுக்கடையில் தேநீரோடு இந்த இரு கட்சிகளும் மோதும். நான் தீர்ப்புச் சொல்வேன்.

இந்தப் படத்திலோ பிழைகள் கொட்டிக் கிடந்தன. பழுப்புக் குதிரையில் மலையேறியவன் வெள்ளைக் குதிரையில் இறங்கினான். பின்கட்சியின் நிரந்தரத் தலைவன் தாமு, ரப்பர் பாலுக்காகப் பட்டை சீவும் பால்மரம் வெட்டுகிறவன், துணிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தான். "கிராணியாரே, நடுவழியில குதிரையக் குளிப்பாட்டிட்டாங்க லா. எழுதிக்குங்க."

திடலே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், நாற்காலியில் இருப்பவன் சிரிக்கக் கூடாது என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்தது.

அடுத்து மதுக்கடைக் காட்சி. மூன்று பேர் நின்று குடிக்கிறார்கள். கதாநாயகன் தும்முகிறான். காமிரா மறுபடி அவர்கள் பக்கம் திரும்பும்போது நான்கு பேர். நான்காமவன் கோப்பையோடு நின்று நேராக எங்களைப் பார்த்தான். அது நகைச்சுவைக் காட்சி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. எளிய பிழை என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். கோப்பை எந்தக் கையில் என்று நான் கவனிக்கவில்லை.

ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் செல்லம்மா திரைத்துணியின் ஓரமாகச் சுற்றி முன்னால் வந்தாள். அவள் கணவன் கதிர்வேலு, மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறைந்திருந்த மாதங்களில் கோலா கெடாவுக்குப் போய் மீன்பிடிப் படகில் ஏறியவன். படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கருமாதி செய்து அவள் தாலியை இறக்குவதென்று அவன் அண்ணன் வீராசாமி முடிவு செய்திருந்தார். அவள் நெற்றியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, அந்த நாலாவது ஆளு அவருதான். இடது கையில கிளாச புடிச்சிருக்காரு."

கதிர்வேலு இடக்கைக்காரன். மற்றவர்களின் வெட்டுக்கத்தி அவனுக்கு உதவாது. அவனுக்கென்று தனியாக ஒன்று வளைத்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவள் சொன்னதை யாரும் நம்பிவிடுவதற்குள் வீராசாமி எழுந்து நின்றார்.

"இது தமிழ்நாட்டுல புடிச்ச படம்மா. தம்பி அங்க எங்க போனான்? ஐயா, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவா."

நான் பொறுமையாக விளக்கினேன். பின்னாலிருந்து இடது என்றால் முன்னாலிருந்து வலது. ஆகவே அந்த நடிகன் வலக்கைக்காரன். கதிர்வேலு ஆக முடியாது. வீராசாமி தலையசைத்தார். செல்லம்மா அசையவில்லை.

"அப்ப முன்னாடி உக்காந்து பாக்குறேன். திரும்பப் போடச் சொல்லுங்க."

நியாயமான கோரிக்கை. படக்காரரிடம் சொல்லி அதே ரீலை மீண்டும் ஏற்ற வைத்தேன். அவள் என் நாற்காலிக்கு அருகில் தரையில் அமர்ந்தாள். குதிரை நிறம் மாறியபோது இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர். தும்மல். நான்கு பேர்.

முன்னாலிருந்து பார்த்தோம். கோப்பை இடது கையில் இருந்தது.

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து தாமுவின் குரல் வந்தது. அதில் கேலி இல்லை. "கிராணியாரே, இந்தப் பக்கமும் இடது கைதான்."

வீராசாமி என்னைப் பார்க்காமல், "முடிவாச் சொல்லுங்க ஐயா," என்றார். செல்லம்மாவும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.

"இடது கைதான்," என்றேன்.

வெள்ளிக்கிழமை கருமாதி நடக்கவில்லை. அதன் பிறகும் நடக்கவில்லை. செல்லம்மா பொட்டோடும் பூவோடும் வேலைக்குப் போனாள். தோட்டத்தை விற்றபின் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். போன மாதம் அவள் இறந்தபோதும் தாலி கழுத்திலேயே இருந்தது.

அனுப்பிவைத்த காணொளியில் அந்தக் காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தும்மலுக்கு முன்னும் மூன்று பேர், பின்னும் மூன்று பேர். வெட்டிச் சுருக்கிய பிரதியாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. திடல் இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. வேன் இல்லை, ஒட்டுக்கடை இல்லை. தாமு இல்லை, வீராசாமி இல்லை. துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களில் கேட்டுப் பார்க்க ஒருவரும் மிச்சமில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில், கதிர்வேலு உயிரோடிருப்பதாகக் கிராணி சொல்லித்தான் அவள் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாள் என்று எழுதுகிறார்கள். அது தவறு. உயிரோடிருப்பதாக நான் சொல்லவில்லை. கோப்பை எந்தக் கையில் இருந்தது என்பதை மட்டுமே சொன்னேன்.