திலகாவின் கைராசி

உத்திரமேரூர் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் திலகா பதினாறு வருஷமாக அட்டெண்டர். இன்குபேட்டரில் மூன்று நாள் வைத்த நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டைக் கத்தரித்து, உள்ளே இதயம் துடிப்பதைச் சேதமில்லாமல் காட்ட அவளை விட்டால் ஆளில்லை. "திலகாவுக்குக் கைராசி" என்பார் பேராசிரியை வரலக்ஷ்மி. கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! காலையில் யாரும் வருமுன்னே முட்டையில் ஊசி குத்திக் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சிவிடுவாள். உள்ளிருக்கும் கரு கீழே இறங்கிவிடும், கத்தரி படாது. துளையை மெழுகால் அடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த வருஷம் கருவளர்ச்சி ஆய்வாளர்கள் சங்கத்தின் கூட்டம் பெங்களூரில். ஆய்வகப் பணியாளர் ஒருவர் மேடையில் முட்டை திறந்து காட்ட வேண்டும். ரயிலும் தங்குமிடமும் சங்கத்தின் பொறுப்பு. வரலக்ஷ்மி எழுதியனுப்பிய பெயர் பிரிஸ்கில்லா. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத டெக்னீஷியன்! டிப்ளமோ இருக்கிறதாம், இங்கிலீஷ் பேசுவாளாம். திலகாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கி வந்த அன்று இன்னும் எரிந்தது.

பிரிஸ்கில்லாவே வந்து கேட்டாள். "யக்கா, எனக்கு மட்டும் கரு கிழிஞ்சிக்கினே கீது. நீ இன்னா பண்றே, சொல்லேன்."

"இன்னாத்த சொல்றது? சாமி குடுத்த கைராசிம்மா."

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. வரலக்ஷ்மி எதிரில் பிரிஸ்கில்லா ஆறு முட்டை திறந்தாள், ஆறிலும் ரத்தம். ஏழாவதைத் தொடாமல் அழுதுவிட்டாள். திலகா வந்து மேசையைத் துடைத்தாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

வரலக்ஷ்மி சங்கத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "திலகா, நீயே போயிட்டு வா. ஆள் மாறினதுக்கு அவா ஒத்துண்டுட்டா. பேரை மாத்தத்தான் நேரமில்லையாம், எல்லாம் அச்சாயிடுத்தாம்."

பேர் என்ன பெரிய பேர், மேடை கிடைத்ததே! பெங்களூரில் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'பிரிஸ்கில்லா' என்றிருந்தது. திலகா சட்டை செய்யவில்லை. ஊசி வேலையைக் காலையிலேயே அறையில் முடித்துக்கொண்டாள். மேடையில் பத்து முட்டை. பத்திலும் இதயம் துடித்தது, பெரிய திரையில். அரங்கமே எழுந்து கைதட்டியது. சான்றிதழ் வாங்கிக்கொள்ளத் தலைவர் பிரிஸ்கில்லாவை அழைத்தார். யாரும் போகவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் தன்னைத்தான் என்று திலகாவுக்கு உறைத்தது. பாவி மனசு, வாங்கும்போதே கசந்தது.

பிரிஸ்கில்லா பெயர் அச்சான அந்தச் சான்றிதழைக் கல்லூரி கண்ணாடிச் சட்டம் போட்டு இன்குபேட்டருக்கு மேலே மாட்டியது. பார்க்க வருகிறவர்கள் பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நான் இல்ல சார், அது யக்கா" என்று அவள் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

அந்தக் கண்ணாடியைத் தினமும் தூசி தட்டித் துடைப்பது அட்டெண்டர் வேலை.