லொக் பண்ணையின் வரிக்குட்டிகள்

டிசம்பரில் வரும் நத்தாருக்கான பன்றிக்கு மே மாதமே அலைகிறேன் என்றால் சிரிப்பீர்கள். புலம்பெயர்ந்து வந்து கிரான்பர்னில் இருக்கும் பதினொரு மன்னார்க் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் சேர்ந்து ஒரு பன்றி எடுத்துப் பங்கு போடுகிறோம். குட்டியைப் பார்த்துத் தெரிவுசெய்வது என் பொறுப்பு. இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு கழற்றும் பிரிவில் பதினான்கு வருடமாக நிற்பதால் கிடைத்த பதவி இது. சம்பளம் கிடையாது, ஆனால் கொழுப்புக் கூடினாலும் குறைந்தாலும் பேச்சு எனக்குத்தான்.

வழமையாகத் தனியாகத்தான் போவேன். இந்த முறை மனைவி ஜெசிந்தாவும் வந்தாள். பண்ணைக்காரி ஹெலன் தொலைபேசியில் சொன்ன செய்திதான் காரணம். அவருடைய சிவப்புப் பன்றி கோடு போட்ட குட்டிகளை ஈன்றிருக்கிறதாம். சாதாரண வீட்டுப் பன்றிக்குட்டிக்குக் கோடு இருக்காது, காட்டுப் பன்றிக்குட்டிக்குத்தான் இருக்கும். ஜெசிந்தா ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். கேட்டவுடனேயே சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை, காலை 8.10க்கு வெளிக்கிட்டோம். வீட்டில் இருந்து பண்ணை வாசல் வரை 63 கிலோமீற்றர். சவுத் கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையை விட்டு விலகவே தேவையில்லை. டூரடின் வரை தட்டையான நிலம், கூ வீ ரப் பக்கம் மரக்கறித் தோட்டங்கள், நயோரா தாண்டியதும் பச்சை மலைகள். வழிக்கட்டணம் கிடையாது, போய்வர 20 டொலர் பெற்றோல் போதும்.

வழியில் ஜெசிந்தா எனக்குப் பாடம் எடுத்தாள். காட்டுப் பன்றியின் முதுகில் முள்ளெலும்புகள் குறைவு, வீட்டுப் பன்றிக்கு இரண்டு மூன்று கூட. நீளமான முதுகில் இறைச்சி அதிகம் என்று மனிதர்கள் நீளமானவற்றையே வைத்து வளர்த்ததால் அப்படி ஆனதாம், அதற்கான மரபணுக்களையும் கண்டுபிடித்துவிட்டார்களாம். பன்றிக்குப் பன்றி விலா எலும்பு பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று மாறுவதை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் கைக்குத் தெரிந்த ஒன்றுக்கு அவளிடம் காரணம் இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

9.05க்குப் பண்ணை. ஹெலனுக்கு அறுபது வயதிருக்கும். தாம்வேர்த் என்ற செம்பட்டை இனப் பன்றிகளை இருபத்தாறு வருடமாகச் சுத்தமாகக் காப்பாற்றி வருகிறார். இப்போது அந்த இனம் எங்கேயும் அதிகம் இல்லை. அவரிடம் இருப்பவை மூன்று பெண் பன்றிகள்தான், கிடாயை, அதாவது ஆண் பன்றியை, வேறு பண்ணையில் இருந்து கொண்டுவருவார். வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் சப்பாத்தை நனைத்துவிட்டு உள்ளே போனோம்.

றோசி என்ற தாய்ப்பன்றி வைக்கோலில் சரிந்து கிடந்தது. அதன் வயிற்றோடு ஒன்பது குட்டிகள். நான்கு கறுப்பு, ஐந்து மண்ணிறம். அந்த ஐந்தின் முதுகிலும் தலையில் இருந்து வால் வரை நீளக் கோடுகள், அணிலின் முதுகைப் போல. எத்தனை ஆயிரம் பன்றியை அறுத்திருப்பேன், இப்படி ஓர் அழகைக் கண்டதில்லை.

ஹெலனுக்கு அந்த அழகைப் பார்க்கும் நிலை இல்லை.

"எங்கிருந்தோ ஒரு காட்டுக் கிடாய் வேலி தாண்டி வந்துபோகிறது, றொபேட்" என்றார். "மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், நோய் இல்லை. ஆனால் அது திரும்பவும் வரும். மலை முழுக்க வேலி போட என்னால் முடியாது. திங்கட்கிழமை லொறி வருகிறது. மூன்றையும் அனுப்பிவிடப் போகிறேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட லொறிகள் வந்து நிற்கும் இடத்தில்தான் எனக்கு வேலை.

ஜெசிந்தா குட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு தரம் எண்ணினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ. தாய் சிவப்பு. இந்தச் சிவப்பு வாறதெண்டால் ரெண்டு பக்கத்தாலயும் சிவப்புதான் வந்திருக்கவேணும். அப்ப இவள் பிள்ளையளுக்குக் குடுக்கிறதும் சிவப்பு மட்டும்தான். மற்ற நிறம் ஒண்டு வந்தால் அது சிவப்பை மூடிப்போடும். அதால இதுகளில தெரியிறது முழுக்கத் தகப்பன்ர நிறம்."

"ஓம், அதுக்கு?"

"பாதி கறுப்பு, பாதி கோடு. கோடு எண்டது காட்டின்ர பழைய நிறம். கறுப்பு அதையும் மூடும். அப்ப தகப்பன் பாக்கிறதுக்குக் கறுப்பு. கோட்டை உள்ளுக்கு ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறார்."

"ஆளைக் காணாமலே சொல்லுறீர்."

"ஒம்பது பிள்ளையள் சொல்லுதுகள். நான் வாசிக்கிறன், அவ்வளவுதான்."

அதையே ஆங்கிலத்தில் ஹெலனுக்கும் சொன்னாள். காட்டில் கோடு குட்டியை மறைக்கும். நிறம் மாறிப் பிறந்த குட்டி நரிக்கோ புலிக்கோ முதலில் அகப்படும். மனிதன் வளர்க்கத் தொடங்கியபோது அந்த வித்தியாசமான குட்டிகளைத்தான் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டான், கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் அப்படித்தான் பெருகின. "கறுப்புக் கிடாய்" என்று ஹெலன் மலைப்பக்கம் பார்த்தார். அவருடைய கண் காட்டைத் தேடியது. என் கண் நிலத்தை விட்டு எழும்பவில்லை.

அந்தக் கறுப்புக் கிடாயை எனக்குத் தெரியும்.

கோப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி ஜெசிந்தாவை லொக் ஊருக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன ஊர். பழைய சாமான் கடைகளும் ஒரு தொங்கு பாலமும் உண்டு, காலாற நடக்க அரை மணித்தியாலம் போதும். கோப்பி 5.50 டொலர், நல்ல கோப்பி. என்னுடையது ஆறிப்போனது.

விஷயம் இதுதான். இங்கத்தைய பன்றியில் ஊர் ருசி இல்லை என்று எங்கள் ஆட்களுக்கு நெடுநாள் மனக்குறை. ஊரில் பன்றி கறுப்பு, வேலிக்கு வேலி திரியும், இறைச்சி இறுகியிருக்கும். போன வருடம் ஜூனில் இணையத்தில் ஒரு கறுப்பு ஆண் குட்டியைக் கண்டு, வடக்கே இரண்டரை மணித்தியாலம் ஓடிப்போய் வாங்கிவந்தேன். காதில் இலக்கம் இல்லை, பத்திரமும் இல்லை. ஹெலன் எனக்காக அதைத் தனி அடைப்பில் வளர்த்தார். நத்தாருக்குப் பத்து நாள் இருக்க, ஒரு ஞாயிறு அதைப் பார்க்கப் போனேன். ஹெலன் தேவாலயத்துக்குப் போயிருந்தார். படம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் சுற்றித் திரும்பினால், நான் சரியாகப் பூட்டாமல் விட்ட பின் கேற் திறந்து கிடக்கிறது, கறுப்பன் றோசியோடு நிற்கிறான். ஒரு வாளி தீனியைக் காட்டி அவனை உள்ளே கொண்டுவந்து அடைத்தேன். பத்து நிமிடம்தானே என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவன் கறியானான். விலா எலும்பு பதினான்கு. பாதிப் பேர் வாசம் கூட என்றார்கள், மீதிப் பேர் அதுதான் ஊர் வாசம் என்றார்கள்.

ஜெசிந்தா முழுவதையும் கேட்டாள். பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள். விரல் மடித்து எண்ணினாள், கணக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது.

"காட்டில ஒருத்தரும் இல்லை" என்றாள். "அவர் செத்து அஞ்சு மாதம். நீங்கள் வாயைத் திறக்காட்டில் திங்கக்கிழமை மூண்டு பண்டியும் சும்மா சாகப்போகுது."

"இனி அவ எனக்குப் பண்டி தரமாட்டா."

"தராட்டில் போகட்டும். எழும்புங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமும் இருந்தது. ஹெலனின் குசினியில் கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எந்தக் கேற் என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. நான்கு நிமிடம் இருக்கும்.

"லொறி வராது" என்றார் திரும்பி வந்து. "பத்திரம் கேட்காமல் அதை உள்ளே விட்டது என் பிழை. மற்றது உன் பிழை." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "றோசியின் இரத்தம் கெட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள் ஜெசிந்தா. கலப்பு இந்தக் குட்டிகளோடு சரி, அடுத்த முறை தன் இனக் கிடாயோடு சேர்ந்தால் குட்டிகள் சுத்தம். குட்டிகளின் மயிர்வேரை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கலாம், ஆனால் நிறமே போதுமான அளவு சொல்லிவிட்டது. பிறகு அவள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவுக்கு முதல் முதல் வீட்டுப் பன்றி கொண்டுபோனவர்கள் மேற்காசியாவில் இருந்து போன விவசாயிகள். அந்தப் பன்றிகள் அங்கத்தைய காட்டுப் பன்றிகளோடு ஓயாமல் கலந்தன. இன்றைய ஐரோப்பியப் பன்றியில் அந்த முதல் பன்றிகளின் பங்கு மிகக் கொஞ்சம்தான். அப்படி இருந்தும் அது காட்டுக்குத் திரும்பாமல் வீட்டுப் பன்றியாகவே நின்றது. கலந்து வந்ததில் தனக்கு வேண்டியதை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டதால் அப்படி.

"அப்படியென்றால் யாருமே கேற்றை ஒழுங்காகப் பூட்டவில்லை" என்றார் ஹெலன். முதல் தடவையாகச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனாலும் எனக்கு மூச்சு வந்தது.

இந்த வருட நத்தாருக்கு வரிக்குட்டிகளில் ஒன்று எங்களுக்கு. அதுவரை மாதம் ஒரு சனிக்கிழமை நான் வேலி திருத்த வரவேண்டும் என்பது ஹெலனின் நிபந்தனை. இரண்டு முறை போய்விட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: கிப்ஸ்லாண்ட் பண்ணைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பழைய சப்பாத்து அணியுங்கள், மே மாதத்துச் சேறு பொல்லாதது. சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் எதையும் பன்றிக்குக் கொடுக்காதீர்கள், இறைச்சி பட்ட உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். காதில் இலக்கம் இல்லாத பன்றியை எவ்வளவு ஊர் ருசி தெரிந்தாலும் வாங்காதீர்கள். வரிக்குட்டி பார்க்க வேண்டுமானால் நான்கு மாதத்துக்குள் பாருங்கள், பிறகு கோடு மறைந்துவிடும். திறந்த கேற்றை மூடுங்கள், மூடியதைக் கையால் இழுத்துப் பாருங்கள். அப்படியும் திறந்துவிட்டதா, பத்து நிமிடம்தான் என்றாலும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.