அத்தானின் மூக்கும் அக்காவின் கைவரிசையும்

எங்கள் அத்தான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் எடுக்கும் படத்தை அக்கா கம்ப்யூட்டரில் அழகாக்குவாள். பரு, தழும்பு, தொங்கும் கன்னம் எதுவும் அவளிடம் தப்பாது. முன்மேசையில் ரசீது போடுவது நான். அக்காவின் தங்கை என்பதால் எனக்குச் சம்பளம் குறைவு, திட்டு அதிகம்.

ஒருநாள் மீசைக்காரர் ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். விசாவுக்குக் கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது நீங்க இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சொன்னவர்கள் மேல் தப்பில்லை. அக்கா அவரை மகன் வயசுக்குக் கொண்டுபோயிருந்தாள். அத்தான் சிரித்த முகத்தோடு, "வேற எடுத்துத் தரேன், உக்காருங்க. தாடைய மட்டும் கொஞ்சம் இறக்குங்க" என்றார். அந்த நேரத்தில் யாராவது தாடையைப் பற்றிப் பேசுவார்களா? விழுந்தது ஒரு குத்து. மூக்கெலும்பு முறிந்துவிட்டது.

"காயத்த உடனே போட்டோ எடுத்து வைங்க, பின்னால நஷ்டஈடு கேக்க உதவும்" என்றார் வந்த போலீஸ்காரர். போட்டோ என்றதும் அத்தானுக்குப் பாதி வலி போய்விட்டது. ஒரு கையால் மூக்கில் துணியைப் பிடித்துக்கொண்டே, மறுகையால் விளக்குகளை நகர்த்தினார். துணியை எடுத்துவிட்டுத் தாடையை அளவாக இறக்கி உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தியது மட்டும்தான் நான்.

ஆபரேஷன் செலவுக்குக் கேமரா அடகுக் கடைக்குப் போனது. கேமரா இல்லாத ஸ்டூடியோவில் என்ன செய்வது? ஜெராக்ஸ் எடுத்தும் படங்களுக்குச் சட்டம் போட்டும் காலம் தள்ளினோம். மூக்கில் கட்டோடு அத்தான் கேமரா ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அடித்த ஆளிடம் கொடுக்க எதுவும் இல்லை. இப்படி அடிபட்டவர்களுக்கு மருத்துவச் செலவைத் திருப்பித் தருவதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் உண்டு என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம்.

அதிகாரியம்மா எங்கள் காகிதங்களைப் புரட்டினார். போட்டோவில் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி ரசீது மூக்கு ஒடஞ்சுதுன்னு சொல்லுது. போட்டோல கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்காரு. காயம் எங்கம்மா?"

எட்டிப் பார்த்தேன். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. மூக்கு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதை உறையில் வைத்து ஒட்டியவள் சாட்சாத் நான்தான். 'அத்தான் நல்லாத்தான் இருக்காரு' என்று நினைத்தேனே தவிர, மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

"ஒண்ணுமே தெரியலையா மேடம்?" என்று கேட்ட அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அடுத்த நொடியே தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! கைப்பழக்கத்துல நாந்தான் சரி பண்ணிட்டேன்!"

"டாக்டருக்கு முன்னாடியே நீ பண்ணிட்டியா?" என்றார் அத்தான்.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "அசல் படம் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. பொய்யான மனுன்னு தள்ளிடுவாங்க" என்றார்.

அத்தானின் முகம் தொங்கிப்போனது. கேமரா இனி கடைக்குத் திரும்பாது என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஆள் காசு கொடுத்துப் படத்தை வாங்கிவிட்டால், கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று கைபடாத அசலை அழித்துவிடுவோம். பாக்கி வைத்தவர்களின் அசல் மட்டும் அப்படியே கிடக்கும்.

"அத்தான், அந்தப் படத்துக்குக் காசு குடுத்தீங்களா?"

"என் கடையில எனக்கே காசா?"

"அப்ப அசல் பத்திரமா இருக்கு!"

ஆட்டோ பிடித்து ஓடினேன். அசலைக் கொண்டுவந்து அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதிகாரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், டாக்டர் எழுதியதோடு ஒப்பிட்டார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தே விட்டார். "இப்படி ஒரு டாக்டர வீட்லயே வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் சார் போனீங்க?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பணம் வந்த அன்றே கேமராவை மீட்டுவந்தோம். முதல் படம் அத்தானுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தாள். கட்டுப் பிரித்த மூக்கு இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. திரையில் அதைப் பார்த்த அத்தான் தயங்கினார்.

"ஏம்மா, மூக்க மட்டும் கொஞ்சம் நேராக்கேன்."

"மாட்டேன். எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

அத்தானுக்கு வெட்கம் வந்துவிட்டது. அதை மறைக்க, பெரிய வாடிக்கையாளர் மாதிரி பையிலிருந்து ஒரு நோட்டை உருவி என் மேசையில் வைத்தார். நானும் விளையாட்டாக ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். அக்கா எழுந்து வந்து, அந்த நோட்டை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"காசு வாங்கினா அசல அழிச்சிடுவா இவ. நீங்க பாக்கியாவே இருங்க."