அண்ணி ஊறவைத்த தீனி

என் அண்ணிக்கு எலி வளர்ப்புதான் உத்தியோகம். கேலி இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் சம்பளத்துக்கு வளர்க்கிறார். கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி வீடு திரும்பும்போது நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. வீட்டிலோ அண்ணன், பார்க்கின்சன் நோயாளி. ஒரு சட்டைப் பொத்தானோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்.

எலிகளுக்கும் அதே நோய்தான். மூளை செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும்படி மரபணுவை மாற்றிப் பிறக்கவைத்தவை. குட்டியாக இருக்கையில் துறுதுறுவென ஓடும், வளர வளரத் தளர்ந்துவிடும். புது மருந்து ஒன்றை ஓர் அடுக்குக் கூண்டுகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். அது அண்ணியின் பொறுப்பு. மருந்தில்லாத அடுக்கை வேறொருவர் பார்த்தார்.

ஒருநாள் அண்ணி வாயெல்லாம் பல்லாக வந்தார். மருந்து குடித்த எலிகள் இளைக்கவில்லையாம். ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். அன்று அண்ணன் தானாகவே என்னைக் கூப்பிட்டுச் சவரம் செய்துவிடச் சொன்னார்.

அடுத்த வாரம் மற்ற அடுக்குக்காரர் லீவு போட்டதால் அதையும் அண்ணியே பார்க்க வேண்டி வந்தது. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என் அடுக்குல, மேல கம்பியில இருக்கிற தீனிய எட்ட முடியாம அதுங்க தவிச்சுது. பாவமேன்னு ஊறவெச்சு கீழயே வெச்சேன். அந்த அடுக்குல யாரும் வெக்கல, எல்லாம் எலும்பும் தோலுமா கெடக்கு. மருந்தாவது மண்ணாவது, என் தீனிதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல மனசுக்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா?

"சொல்லாம விட்டுடுங்க அண்ணி. அண்ணன் இப்பதான் சிரிக்கிறாரு."

"நாளைக்கு அந்த மருந்த இவருக்கே குடுப்பாங்க. அப்போ?"

மறுநாள் அண்ணி சொல்லிவிட்டார். டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். வேலை மட்டும் தப்பியது. ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி அதை அண்ணனிடமும் மறைக்காமல் சொன்னார். அண்ணன் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அப்போ இனிமே கீழ வெக்க மாட்டியா?"

"கூடாதுன்னுட்டாங்க."

"எட்டாததுங்க என்ன பண்ணும்?"

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார், முடியவில்லை. நாங்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம்.