டைப்பிங் சென்டருக்கு மேலே ஓர் ஒப்பாரி

எங்கள் அம்மா ரேடியோவில் ஒரே ஒரு முறைதான் பாடினாள். அந்த ஒரு முறையிலேயே அந்த ரேடியோவின் சட்டத்தை மாற்றிவிட்டாள். அந்த நிலையத்தின் கதையை யார் எழுதினாலும் இதை எழுதாவிட்டால் அது முழுக்கதை ஆகாது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அன்றைக்கு நான் அங்கே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஷார்ஜாவில் ரோலா பக்கம் குடியிருந்தோம். பக்கத்து ஊரான அஜ்மானில் இருந்த அந்தத் தமிழ் ரேடியோ முதலில் வேறு மொழி நிலையம் ஒன்றில் ஒரு மணி நேரம் வாங்கிச் சினிமாப் பாட்டுத்தான் போட்டது. தொழிலாளர் கேம்ப்களில் இருந்த நம் ஆட்கள் போன் பண்ணிப் பண்ணி, "ஊர்ப்பாட்டுப் போடுங்க" என்று கேட்டதில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி கிராமத்துப் பாட்டு நேரமாக ஆனது. கும்மி, தெம்மாங்கு, நடவுப் பாட்டு. கேசட்டில் இல்லாததை நேயர்களே வந்து பாடலாம். பாட்டு யாருக்காக என்று பெயர் சொல்வார்கள். பாதிப் பெயர்கள் ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகள் பெயர்தான். அலை அங்கே எட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு வெள்ளிதோறும் சாப்பிட வருகிற மாமா ஒருவர் இருந்தார். ரத்த உறவில்லை, ஊர்முறைக்கு மாமா. கட்டட சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. அவருடைய தாயார் ஊரில் இறந்துபோனார்கள். மாமா ஒரே பிள்ளை, கூடப்பிறந்தது யாருமில்லை. பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்ததால் கம்பெனி அனுப்பவில்லை. கொள்ளியைப் பங்காளி மகன் வைத்தான். மாமா இங்கே மொட்டை போட்டுக்கொண்டு, அதன்மேல் கம்பெனித் தொப்பியை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கொள்ளி வச்சது கூடப் பரவால்லக்கா. எங்காத்தாவக் கட்டி அழ ஒரு பொம்பள இல்லியாம். ஒரு ஒப்பாரி இல்லாமத் தூக்கிட்டானுவ" என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ரேடியோவுக்குப் போன் பண்ணி ஒப்பாரி கேட்டிருக்கிறார். அறிவிப்பாளர் மரியாதையாகவே மறுத்தாராம். "அண்ணே, லீவு நாளு. பசங்க மீன் வறுத்துக்கிட்டு, துணி அலசிக்கிட்டு சந்தோசமா கேக்குறானுங்க. அதுல போயி சாவுப்பாட்டா? நம்ம நிலையத்துல அது கெடையாதுண்ணே. மஞ்சுவிரட்டுப் பாட்டு ஒண்ணு போடட்டா?"

அம்மாவுக்கு ஒப்பாரி தெரியும். ஆனால் விளக்கேற்றுகிற வீட்டில், சாவு விழாதபோது, ஒப்பாரி வாய்திறந்து பாடக்கூடாது. குடும்பத்துக்கு ஆகாது. இதை அம்மாவும் நம்பினாள், நானும் இன்றுவரை நம்புகிறேன். மாமாவின் கேம்ப் ரூமிலும் முடியாது. அங்கே எட்டுக் கட்டில், ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சாமி படம். கடற்கரையில் பாடலாம் என்றால் போலீஸ் வந்து என்னவென்று கேட்டால் எந்தப் பாஷையில் விளக்குவது?

மறு வாரம் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள். "அந்த ரேடியோ ஸ்டேசன் இருக்கே, அங்க குடித்தனம் எதுவும் இருக்கா?"

"டைப்பிங் சென்டருக்கு மேல ரெண்டு ரூம்பு. அங்க யாரு குடித்தனம் பண்றா?"

"வெளக்கு ஏத்துவாங்களா?"

"சிவப்பா ஒரு பல்பு எரியுமாம். ஏன் கேக்குற?"

அம்மா ஏன் என்று சொன்னாள். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நடவுப் பாட்டுன்னு பேரு குடுத்துட்டு ஒப்பாரி பாடுவியா? பொய்யில்ல அது?"

"நடவுப் பாட்டும் ரெண்டு அடி பாடுவேன். சாமிக்குப் பொய்யில்ல."

இந்தச் சூழ்ச்சி எனக்குத் தெரியாது. அம்மா ரேடியோவில் நடவுப் பாட்டுப் பாடப்போகிறாள் என்று வகுப்பில் அத்தனை பேரிடமும் பீற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அஜ்மானுக்குப் போனோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. உள்ளே அம்மாவும் நானும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளரும், பொத்தான்களைப் பார்த்துக்கொள்ளும் மலையாளச் சேட்டனும். அப்பாவும் மாமாவும் வெளியே மாடிப்படியில், ஸ்பீக்கருக்குக் கீழே.

அம்மா சொன்னபடியே நடவுப் பாட்டில் இரண்டு அடி பாடினாள். மூச்சு வாங்கினாள். பிறகு முந்தானையை வாயோரம் கொண்டுபோய், மாமாவின் தாயார் பெயரைச் சொல்லி, ஊர்ப் பெயரைச் சொல்லி, இழுத்தாள்.

"நீ பெத்த மக வந்து சேருமுன்னே
நெருப்புந்தான் ஆறிருச்சே..."

அறிவிப்பாளர் துள்ளி எழுந்தார். கழுத்தில் விரலால் கோடு இழுத்து, நிறுத்து நிறுத்து என்று சேட்டனுக்குக் காட்டினார். சேட்டனுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். ஆனாலும் அவர் பொத்தான்மேல் இருந்த கையை எடுத்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். நான் கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மொட்டைத் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில். வகுப்பில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்களே!

பாட்டு முடிந்ததும் போன் அடித்தது. திட்டு விழப்போகிறது என்று அறிவிப்பாளர் பயந்துகொண்டேதான் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு குரல் தன் அம்மா பெயரையும் ஊரையும் சொல்லி, "அவுகளுக்கும் சேத்துச் சொல்லிருங்க சார். நானும் போக முடியல" என்றது. அடுத்த போனும் அப்படித்தான். நிகழ்ச்சி முடிகிறவரை பெயர்கள்தான் வந்தன. அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

அதிலிருந்து மாதக் கடைசி வெள்ளியில் கால் மணி நேரம், ஊரில் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் அந்த ரேடியோ தனி அலைவரிசை வாங்கிப் பெரிதானபோதும் அதை எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா லிப்டில் ஏற மாட்டேன் என்றாள். ஒப்பாரி சொன்ன உடம்போடு வாசல் மிதிக்கக்கூடாது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே பக்கெட்டில் மஞ்சள் கரைத்து எடுத்துவந்தார். கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் முதலில் மாமா தலையில் ஊற்றினார்கள், பிறகு அம்மா தலையில். பட்டாணிக்கார வாட்ச்மேன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து, "ஏ க்யா ஹை பாய்?" என்றார்.

"பூஜா, பாய், பூஜா" என்றார் அப்பா.

"அச்சா, யல்லா, ஜல்தி" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என் கோபம் தீரவில்லை. அம்மாவை எதிலாவது மடக்க வேண்டும். "நீ தப்பாப் பாடிட்டம்மா. மக வந்து சேருமுன்னேன்னு பாடுன. அந்தப் பாட்டிக்குப் பொண்ணே கெடையாது. மாமா ஆம்பளதான?"

அம்மா கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாடி. தப்பாத்தான் பாடிட்டேன்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "இன்னொரு பக்கெட்டு வேணுங்க" என்றாள். எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் போய்க் கொண்டுவந்தார்.

அம்மாவைப் பெற்ற தாய் ஊரில் கண்ணை மூடியபோது நான் வயிற்றில் எட்டு மாதமாம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்களாம். இது எனக்குத் தெரியவர இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு பேர் கேட்ட பாட்டில் ஒரு பிழை இருந்தது, அதை நான் ஒருத்திதான் கண்டுபிடித்தேன் என்பதுதான். மறுநாள் வகுப்பில் அதையும் பெருமையாகச் சொன்னேன்.