மங்கலான பெண்களும் என் தபால் உறையும்

நகர மையத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி நடந்தால் தவறாமல் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை. கலை ஆர்வமெல்லாம் இல்லை, தபால் போடப் பயந்துதான் போனேன். கைப்பையில், அம்மா பேசிவைத்த பாரிஸ் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய என் படம். ஊரில் சண்டை நேரம் செல் குண்டுச் சிதறல் பட்ட இடக் கன்னத்துத் தழும்பு அதில் இல்லை. ஸ்ரூடியோக்கார அண்ணை லென்சில் வாஸ்லின் பூசி மறைத்துவிட்டார். அம்மாவுக்குப் பரம திருப்தி. நான் உறையை இன்னும் ஒட்டவில்லை.

நாங்கள் இருந்த ஸ்காபரோவிலிருந்து பஸ், பிறகு சப்வே; ஒரே ரிக்கற், ஒரு மணி நேரம். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது குளிர் தழும்பில் குத்தியது. கூட வந்தவள் மாமாவின் மகள் வதனி; என் அம்மா அவளுக்கு மாமி.

"இன்னும் போடேல்லையோ? மாமி கொல்லப்போறா."

"வரேக்கை போடுறன்."

முதல் அறை முழுக்க நூறு வருஷத்துக்கு முந்திய கலைப் படங்கள். ஓவியம்போல இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே மங்கலாக எடுத்தார்களாம். ஜன்னலோரம், குளக்கரை, கண்ணாடி முன் என்று எங்கும் பெண்கள், நீராவிக்குள் நிற்பதுபோல. எடுத்தவர் பெயர் கீழே இருந்தது. பெண்ணின் பெயர் இல்லை.

"ஏனடி எல்லாரும் அங்காலை திரும்பி நிக்கினம்?" என்றாள் வதனி. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த அறை, அதற்குப் பின் வந்த காலம். ஒரு பெண்ணின் முகம் மட்டும். மரு, சுருக்கம் எல்லாம் துல்லியம். நேரே எங்களைப் பார்த்தாள். பேரழகியில்லை, ஆனால் தெருவில் கண்டால் அடையாளம் தெரியும். வதனி அவளைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள்.

"உன்ர படத்தை வச்சுக்கொண்டு அவர் எயர்போர்ட்டில ஆரைத் தேடப்போறார்?"

திரும்பும் வழியில் ஸ்ரேஷனிலிருந்த படமெடுக்கும் மெஷினுக்குள் போய் உட்கார்ந்தேன். தலைமயிரை ஒதுக்கினேன், சிரிக்கவில்லை. வந்த நாலு படங்களில் ஒன்றை, ஒட்டாமல் வைத்திருந்த உறைக்குள் ஸ்ரூடியோப் படத்தோடு சேர்த்து வைத்தேன். அம்மாவிடம் சொல்லாமலே உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன். மூன்று கிழமை நித்திரையில்லை. அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

போகிறவர்களுக்கு: காலையில் போனால் கூட்டம் குறைவு. களைத்துப்போய் முதல் அறையோடு திரும்பிவிடாதீர்கள். பெப்ரவரியென்றால் கன்னத்தை மூட ஒரு சால்வை வேண்டும்.

நாலாவது வாரம் பாரிசிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மா ரிசீவரைத் தந்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளையின் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"அந்தக் காயம் இப்பவும் நோகுதோ?"

"குளிருக்கை மட்டும்" என்றேன், அம்மாவைப் பார்க்காமல்.