கடைத்தெருவில் துளசிங்கத்தின் பாடு

“இப்ப நீ அந்தக் கத்தியத் தூக்கினு என்னாண்ட ரெண்டு எட்டு வெக்கிற. நான் உன்னக் குத்தலாமா, கூடாதா?”

இளநீர் சீவிக்கொண்டிருந்த கண்ணப்பன் நிமிரவில்லை. முதலில் குடி, அப்புறம் குத்து என்று ஒன்றை நீட்டினான். துளசிங்கம் ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தான். கத்தி தரையைப் பார்த்திருந்தால் அது வியாபாரம். வானத்தைப் பார்த்திருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். ஆளைப் பார்த்திருந்தால், அந்த ஆளுக்கு ஓட வழி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வழி இருக்கும்போது குத்திவிட்டால்?

“வழி இருந்தா நீதான மாமா மொதல்ல ஓடுவ” என்றான் கண்ணப்பன். தெருவே சிரித்தது. எல்லோரையும்விடத் துளசிங்கம்தான் அதிகமாகச் சிரித்தான்.

அவன் சிரிப்பை நம்பக் கூடாது. மற்றவர்களுக்கு வியர்வையாகவும் நடுக்கமாகவும் வருகிற பயம் அவனுக்கு மட்டும் சிரிப்பாக வெளியே வரும். தாலி கட்டும்போது சிரித்தான். முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து, பிடித்த இறாலெல்லாம் திரும்ப ஏரிக்கே போனபோது, கவிழ்ந்த தோணியின் முதுகில் ஏறி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். பசியாவரத்துத் தீவில் பிறந்தவன். காய்ந்த தரையிலும் பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ஏரியில் அப்படி நடந்தால்தான் சேற்றுக்குள் படுத்திருக்கும் முள்வால் திருக்கை மீன் விலகிப்போகும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் திருக்கை ஏது என்று கேட்டால், “ரெண்டு காலுல நடக்கிற திருக்கை இங்கதான் ஜாஸ்தி” என்பான்.

இறால் பிடிக்கிறவன் கையில் ஈட்டி வந்த கதை வேடிக்கையானது. கப்பல்கள் வந்து நிற்கும் மாதங்களில் தெருவில் சாராயமும் சண்டையும் பெருகின. கோட்டையில் இருந்த ஒல்லாந்தர்கள், ஏரிக்கரை ஊர்கள் நாளுக்கு ஓர் ஆளைக் காவலுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஊர்களுக்குத் தெரிந்த பங்கீடு ஒன்றுதான்: பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது, உதவிக்குக்கூட. வைத்தால் ஊரில் தண்ணீர் கிடைக்காது. கடைத்தெருவுக்கும் அப்படியே சீட்டுக் குலுக்கினார்கள். அன்றைக்கு நடக்கும் திருட்டு, அடிதடி, அறுத்துக்கொண்டு ஓடும் மாடு எல்லாம் பாட்டுக்காரனுடையது.

பிறகு தண்டோரா போட்டார்கள். கோட்டைத் துபாஷி கோதண்டம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆயுதத்தோடு ஆள்மேல் பாய்கிறவனைத் தடுக்க வேறு வழி இல்லையென்றால் காவல்காரன் குத்தலாம், கொன்றாலும் குற்றமில்லை. வேறு வழி இருக்கும்போது குத்தினால் காவல்காரனுக்கும் கயிறுதான். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். துளசிங்கத்துக்கு மட்டும் அது தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கோட்டை வாசலில் ஒரு தூக்குமரம் உண்டு. பெரும்பாலும் அதில் காக்கைதான் உட்கார்ந்திருக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு களுக்கென்று சிரிப்பான்.

அன்றிலிருந்துதான் இந்தக் கேள்விகள். சாயத் தொட்டியில் கோல் போட்டுக் கலக்குகிறவனிடம், அந்தக் கோலை ஓங்கினால் ஆயுதமா இல்லையா என்று கேட்டான். கசாப்புக்காரனிடம் அரை நாள் வாதாடினான். கருவாட்டுக் கடை பொன்னியம்மாளிடமும் போனான். அவளுடைய கருவாடு நறுக்கும் கத்தியைக் காட்டி, அதைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தால் தான் என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தான்.

“ஒன்ன வெட்டக் கத்தி வேற வேணுமாடா? கருவாட்டு வாலால ஒரு சாத்து சாத்தினா போய்ச் சேந்துடுவ. தள்ளி நில்லு, யாவாரத்த மறைக்காத” என்றாள் அவள்.

அவனுடைய பாட்டு நாட்களில் ஒன்று இப்படி வந்தது. தூரக் கடலில் ஒல்லாந்தர் ஊருக்குத் திரும்பும் கப்பல் நின்றிருந்தது. தெரு முழுக்கத் துணிப் பொதிகள். கோட்டையில் பீப்பாய் மூட்டுகிற ஜான் என்ற சிவப்புத் தாடிக்காரன், இந்த முறையும் கப்பலில் இடம் கெஞ்சிப் பார்த்து, இல்லை என்ற பதிலைக் காலையில் வாங்கியிருந்தான். போன வருஷமும் அதே பதில்தான். மற்ற நாட்களில் பொன்னியம்மாளிடம் இறால் கருவாடு வாங்கிக்கொண்டு, “நல்லது நல்லது” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்லிவிட்டுப் போகிற சாது. அன்று சாராயக் கடையிலிருந்து பலகை செதுக்கும் கத்தியோடு வந்தான். எதிரே வந்த பொதிக்காரனின் தோளில் ஒரு வெட்டு. பந்தல் கயிறுகளில் வெட்டு. காற்றில் வெட்டு. கூட்டம் இரண்டாகப் பிளந்து ஓடியது. ஓட முடியாமல் சிக்கிக்கொண்டவள் பொன்னியம்மாள்தான். பின்னால் சுவர், இரு பக்கமும் கூடை, எதிரே ஜான்.

தோணித்துறையிலிருந்து மீனவர்கள் துடுப்பும் கழியும் தோளில் வீச்சு வலையுமாக ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் தெருமுனையில் கோடு கிழித்தாற்போல நின்றுவிட்டார்கள். யாரும் பயந்து நிற்கவில்லை. இது துளசிங்கத்தின் பாடு, அவ்வளவுதான். ஓங்கிய துடுப்புகள் ஓங்கியபடியே நின்றன. முன்வரிசையில் சுண்ணாம்புக்குளத்துப் பொன்னுரங்கம் நின்றான். ஒரு காளையைக் கொம்பைப் பிடித்து உட்கார வைக்கக்கூடிய உடம்பு. அடுத்த நாள் காவல் அவனுடையது.

“இன்னிக்கி ஒன்னுது மச்சான். நாளைக்கின்னா நான் பாத்துக்குவேன்” என்றான் வருத்தத்தோடு.

துளசிங்கம் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல். ஜான் திரும்பி, யாரோ தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பதுபோல அவனைப் பார்த்தான். பிறகு பொன்னியம்மாள் பக்கம் திரும்பிக் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கினான். கத்தி ஆளைப் பார்த்தது. ஆளுக்குப் பின்னால் சுவர். தெருத் தெருவாகக் கேட்டு அலைந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. துளசிங்கம் ஈட்டியை எறிந்தான். மிரட்ட எறியவில்லை. சிவப்புத் தாடிக்குக் கீழே, நெஞ்சுக்குக் குறி வைத்து எறிந்தான்.

அவன் ஆயுளில் எதையும் ஈட்டியால் குத்தியதில்லை. இறாலை யார் குத்துவார்கள்? ஈட்டி ஜானின் காதை உரசாமல்கூடப் போய், பந்தலில் தொங்கிய பெரிய சுறாக் கருவாட்டைத் துளைத்துத் தூணோடு சேர்த்து அறைந்தது. கருவாடு லேசாக ஆடியது.

“போச்சி, என் சுறா போச்சி” என்றாள் பொன்னியம்மாள், கத்தியின் கீழே நின்றுகொண்டே.

ஜானுக்குக்கூட அது புரியவில்லை. கருவாட்டைப் பார்த்தான், ஈட்டியைப் பார்த்தான், எறிந்தவனைப் பார்த்தான். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. வெறுங்கையோடு நின்ற துளசிங்கம் தன் தலைத்துண்டை உருவித் தெருவில் எறிந்தான்.

“பொதுப்பாடு. எல்லாரும் எறங்குங்க.”

ஒருவன் வலைக்கு அடங்காத மீன்கூட்டம் வந்துவிட்டால் பாட்டுக்காரன் தலைத்துண்டைத் தண்ணீரில் எறிவான். அதன்பின் யாரும் வலை வீசலாம். ஆனால் எறிந்தவன் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவான். கோட்டைக் காவலுக்கு என்று தனி வரிசை கிடையாது, எல்லாம் ஏரி வரிசைதான். இறால் பொங்கும் மாதம் அது. அடுத்த வாரம் முகத்துவாரப் பாடு துளசிங்கத்துக்கு வருவதாக இருந்தது. வருஷம் முழுக்க அவன் வீடு எதை நம்பி அடுப்பு மூட்டுமோ, அதைத்தான் துண்டோடு சேர்த்து எறிந்தான்.

துண்டு தரையைத் தொடுவதற்குள் பொன்னுரங்கத்தின் வலை வானத்தில் விரிந்துவிட்டது. தட்டுப்போல வட்டமாக இறங்கி ஜானை மூடியது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஏக்கம் ஒருவனையும் விடவில்லை. மீன் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது என்று யாரோ சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒரு வலை கண்ணப்பனையும் இளநீர்க் குலையையும் வாரிக்கொண்டு போயிற்று. இன்னொன்றில் இரண்டு கோழிகள். உள்ளே ஜான் உருண்டான், கத்தினான், கத்தியால் கண்ணிகளை அறுத்தான்.

பொன்னுரங்கம் தூணிலிருந்து ஈட்டியைப் பிடுங்கி வந்து துளசிங்கத்தின் கையில் திணித்தான்.

“கத்தி இன்னும் அவன் கையிலதான் கீது. சட்டம் ஒன் பக்கம். குத்திடு, பேஜாரு விட்டுது.”

குத்து என்றது கூட்டம். தோளில் வெட்டு வாங்கிய பொதிக்காரனும் அதைத்தான் சொன்னான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. துளசிங்கத்தின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. சிரிப்பில்லாத அந்த முகத்தைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அவன் ஈட்டியைத் திரும்பப் பொன்னுரங்கத்திடமே கொடுத்துவிட்டு, வலைக்கு மேலாக, கத்தி பிடித்த கையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஜான் இரண்டு முறை அவன் தொடையைக் கடிக்கப் பார்த்தான். வலை தடுத்தது.

மறுநாள் கோட்டையில் விசாரணை. கோட்டைத் தலைவர் உயர்ந்த நாற்காலியில் இருந்தார். ஈட்டி அவர் மடியில் குறுக்காகக் கிடந்தது. அவர் கேட்டதைத் துபாஷி கோதண்டம் தமிழாக்கினார்: ஈட்டியை மிரட்ட எறிந்தாயா, கொல்ல எறிந்தாயா? கேட்டுவிட்டு, உதடு அசையாமல் தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார். “மிரட்டன்னு சொல்லுப்பா. சொல்லிட்டு வூட்டுக்குப் போ.”

ஜன்னலுக்கு வெளியே தூக்குமரம் தெரிந்தது. துளசிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைவரின் புருவம் ஏறியது. இவனுக்குப் பயம் இப்படித்தான் வரும் என்று கோதண்டம் அவசர அவசரமாக விளக்கினார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

“கொல்லத்தான் எறிஞ்சேன் தொரை. அந்தம்மா தலைக்கு மேல கத்தி, என் கையில ஈட்டி, நடுவுல ஒண்ணுமில்ல. குறி தப்பினது என் கைக் கோளாறு. வலை வுழுந்தப்புறமும் அதே ஆளுதான், அதே கத்திதான். ஆனா நடுவுல ஊரே வந்துடுச்சி. அதுக்கப்புறம் குத்தியிருந்தா கொலை.”

கோதண்டம் பெருமூச்சோடு அதை அப்படியே மாற்றிச் சொன்னார். தலைவர் மெதுவாக ஒன்று கேட்டார். அதைத் தமிழில் சொல்லக் கோதண்டத்துக்கு மனமே வரவில்லை. துண்டை எறிந்தால் ஊரே வரும் என்பது உனக்கு முன்பே தெரியும். அப்படியானால் ஈட்டியை எறியும்போதே வேறு வழி இருந்தது, இல்லையா?

இந்தக் கேள்வியைத் தெருவில் ஒருவனும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் யாரிடமும் கேட்டதில்லை. வாசலில் நின்ற பொன்னுரங்கம் தலை குனிந்துகொண்டான்.

“இருந்திச்சி தொரை” என்றான் துளசிங்கம். “அப்ப நெனப்பு வரல. ஈட்டி கையில இருந்தா ஈட்டிதான் நெனப்புல நிக்கிது. அது கைய விட்டுப் போனப்புறந்தான் தலையில துண்டு இருக்கறதே தெரிஞ்சிது.”

தலைவர் ஈட்டியை எடுத்து முனையைப் பார்த்தார். முகர்ந்தார். சுறாக் கருவாட்டின் வாடை அவர் மூக்கைச் சுளிக்க வைத்தது. தோள்கள் குலுங்கின, அவர்கள் நாட்டுச் சிரிப்பு அப்படித்தான் போலிருக்கிறது. கையை நீட்டி, கைப்பிடி துளசிங்கத்தின் பக்கம் வரும்படி ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார். துளசிங்கம் வீட்டுக்குப் போகலாம். ஜானைப் பற்றியும் முடிவாயிற்று. இனி அவன் இந்தக் கரையில் இருக்கக் கூடாது, விலங்கோடு அந்தக் கப்பலிலேயே ஊருக்கு அனுப்ப வேண்டியது. கோதண்டம் இதை வெளியே வந்து சொன்னபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத இடம் இப்போது கிடைத்துவிட்டதே. பொன்னியம்மாள் ஓட்டை விழுந்த சுறாவைத் தூக்கிக்கொண்டு கோட்டை வரைக்குமே வந்திருந்தாள். அதை இனி விற்கப்போவதில்லையாம், தூணிலேயே தொங்கட்டுமாம். வரிசையில் அடுத்து நின்ற பொன்னுரங்கம், அடுத்த வாரம் முகத்துவாரம் தனக்கு வருவதைச் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் துளசிங்கத்தின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

படகு வரும்வரை ஜானைக் கோட்டை வாசலில், சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். கைகள் பின்னால் பூட்டியிருந்தன. போதை தெளிந்த கண்கள் யாரையும் பார்க்கவில்லை. சிவப்புத் தாடியில் அறுந்த வலை நூல்கள் சிக்கு விழுந்து கிடந்தன. அரிப்புத் தாங்காமல் தாடையைத் தோளில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான், முடியவில்லை. வெளியே வந்த துளசிங்கம் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். ஜான் எதிரே குந்தி உட்கார்ந்து, முகவாயைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரு மயிர்கூட இழுபடாமல் நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஆரம்பித்தான்.